நீட்: 512-லிருந்து 441. தம்பியை மூன்றாவது முறை எழுத வைக்கலாமா?

வந்தவாசி_அக்கா | 16 ஜூன் 2025

வணக்கம். தம்பிக்காக எழுதுகிறேன். 2024-ல் ப்ளஸ் டூ முடித்தான். அந்த வருடம் நீட்டில் 512. இடம் கிடைக்கவில்லை. ஒரு வருடம் விடுதியோடு சேர்ந்த கோச்சிங்கில் போட்டோம். சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ஆனது. சனிக்கிழமை வந்த ரிசல்ட்டில் 441.

அப்பா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் உட்கார்ந்து படிச்சு எழுபத்தோரு மார்க்கைத் தொலைச்சுட்டு வந்திருக்கான்" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அதற்கப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தம்பி எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் "இன்னொரு வாட்டி எழுதணும்கா" என்று அனுப்பினான். பக்கத்து அறையிலிருந்து.

விவரம்: எங்களுக்கு எம்பிசி (மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு). அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தான், அதனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. ப்ளஸ் டூவில் 600-க்கு 561. அப்பாவுக்கு இன்னொரு ஒன்றரை லட்சம் புரட்ட முடியாது என்பதும் உண்மை. எத்தனை முறை எழுதுவது நியாயம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

இயற்பியல்_வாத்தியார் | 16 ஜூன் 2025

அம்மா, முதலில் ஒன்றை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். 512-ஐயும் 441-ஐயும் பக்கத்தில் வைத்துக் கழிக்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு தேர்வு. 2024-ல் திருத்திய முடிவுக்குப் பிறகும் 17 பேர் 720-க்கு 720. 650-க்கு மேல் எடுத்தவர்கள் சுமார் முப்பதாயிரம் பேர். இந்த வருடம் இந்தியாவிலேயே முதல் மதிப்பெண் 686. 650-ஐத் தாண்டியவர்கள் நூறு பேர்கூட இல்லை. அதோடு, 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180-க்கு விடை எழுதினால் போதும் என்று இருந்தது, 2022 முதல் நேரமும் 3 மணி 20 நிமிடம். இந்த வருடம் 180 கேள்வி, 180 நிமிடம், விட்டுத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது.

மதிப்பெண் பட்டியலில் அகில இந்தியத் தரவரிசை எண் என்று ஒன்று இருக்கும். இரண்டு வருடத்துக்கும் அதை மட்டும் எழுதிப் போடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

---

வந்தவாசி_அக்கா | 17 ஜூன் 2025

சார், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். போன வருடம் இரண்டு லட்சத்தை ஒட்டி இருந்தான். இந்த வருடம் ஒன்றரை லட்சத்துக்குள் வந்திருக்கிறான். அவனுக்கே இது தெரியவில்லை. ரிசல்ட் பார்த்த உடனே போனை மூடி வைத்துவிட்டானாம்.

---

மூன்றில்_கிடைத்தது | 17 ஜூன் 2025

அக்கா, அப்படியென்றால் தம்பி முன்னேறித்தான் இருக்கிறான். நான் 2019, 2020, 2021 என்று மூன்று முறை எழுதினேன். மூன்றாவதில் தென் மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரி கிடைத்தது. இப்போது கடைசி வருடம். என் வகுப்பில் முதல் முறையிலேயே வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். 2021-ல் அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அறிக்கையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் திரும்ப எழுதிய பழைய மாணவர்கள் 2016-17-ல் 12.47 சதவீதம், 2020-21-ல் 71.42 சதவீதம். இந்தத் தேர்வு முதல் முறை எழுதுபவனுக்கானதாக இல்லை என்பதுதான் அதன் பொருள். அது அநியாயம், ஆனால் நடைமுறை அதுதான். தம்பி எழுதட்டும்.

---

நெல்லைத்_தகப்பன் | 17 ஜூன் 2025

தம்பி, நீங்கள் படித்து வந்ததற்கு வாழ்த்துகள். மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த 71 சதவீதத்தை வைத்து யாருக்கும் புத்தி சொல்லாதீர்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் திரும்ப எழுதியவர்கள் என்பதுதான் அந்தக் கணக்கு. திரும்ப எழுதியவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது அதில் கிடையாது. என் மகன் அந்தக் கணக்கில் வராதவன்.

நான்கு முறை எழுதினான். இரண்டாவது முறை நன்றாக ஏறினான். மூன்றாவது முறை பத்து மதிப்பெண்தான் ஏறியது. நான்காவது முறை இறங்கிவிட்டான். ஒவ்வொரு ஜூன் மாதமும் "இவ்வளவு தூரம் வந்தாச்சு, விடக் கூடாது" என்றுதான் பேசினோம். அந்த வார்த்தையை நான்தான் முதலில் சொன்னேன். நான்காவது வருடம் அவன் சொந்தக்காரர் கல்யாணம் எதற்கும் வரவில்லை. "இப்ப என்ன பண்ற" என்று கேட்பார்களே என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். பிறகு பி.எஸ்சி. சேர்ந்தபோது அவனோடு பள்ளியில் படித்தவன் அதே துறையில் எம்.எஸ்சி. முதல் வருடம்.

எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. எங்கே நிறுத்துவோம் என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் அந்த முடிவை எடுக்க யாராலும் முடியாது.

---

மூன்றில்_கிடைத்தது | 17 ஜூன் 2025

சரிதான் ஐயா. அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. என்னோடு அதே அறையில் படித்த இரண்டு பேர் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் நான் விசாரிக்கவில்லை.

---

சேலத்துக்_கணிதம் | 18 ஜூன் 2025

நான் ஜேஇஇ பக்கம், அதாவது பொறியியல் நுழைவுத் தேர்வு. எங்களுக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவு, காரணம் விதி. ஜேஇஇ மெயின் ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, இரண்டில் எது நன்றாக வந்ததோ அது கணக்கு. ஐஐடிக்கான அட்வான்ஸ்டு இரண்டே முறை, அதுவும் அடுத்தடுத்த வருடங்களில். இரண்டாவதில் போனால் போனதுதான், வேறு வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடுவோம்.

நீட்டுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. 2022-ல் மேல்வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள். வருடத்துக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அன்று காய்ச்சல் வந்தாலும் ஒரு வருடம். இந்த இரண்டும் சேரும்போது பிள்ளையும் பெற்றோரும் தாமே ஒரு வரம்பு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

---

யாழ்_மாணவி | 18 ஜூன் 2025

அக்கா, நான் யாழ்ப்பாணம். எங்கட உயர்தரப் பரீட்சையை (உங்கட ப்ளஸ் டூ மாதிரி) பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம்தான் எடுக்கலாம். அதால இங்க ஒவ்வொரு வீட்டிலையும் "முதலாந்தரம், இரண்டாந்தரம், மூன்றாந்தரம்" என்றுதான் கதை. இங்கேயும் மதிப்பெண்ணை அப்படியே எடுப்பதில்லை. இசட் புள்ளி, அதுக்கு மேல மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி. வருடத்துக்கு வருடம் வினாத்தாள் கடினமோ இலகுவோ, நீங்கள் மற்றவர்களோடு ஒப்பிட எங்கே நிற்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். வாத்தியார் சொன்ன அதே விசயம்தான்.

நான் 2022-ம் ஆண்டுப் பரீட்சையில் உயிரியல் பிரிவு. நாட்டு நிலைமையால் அது 2023 ஜனவரி, பெப்ரவரியில்தான் நடந்தது. பெறுபேறு செப்டம்பரில் வந்தது. அடுத்த பரீட்சை 2024 ஜனவரி. எடுப்பதா விடுவதா என்று யோசிக்கவே எனக்கு நான்கு மாதம்தான் இருந்தது. ரியூசன் மாஸ்டர் ஒரு வேலை செய்தார். அவர் முதல் தரத்துத் தாள்களைத் திரும்ப எழுதச் சொன்னார், மணிக்கூடு இல்லாமல். இரசாயனத்தில் எனக்குத் தெரியாதது என்று நினைத்த பாதி, தெரிந்துதான் இருந்தது. எழுதும் வேகம்தான் இல்லை. அதற்கு நான்கு மாதம் போதும் என்று எடுத்தேன். இரண்டாந்தரத்தில் கிடைத்தது, மருத்துவம் இல்லை, விவசாயம். நிம்மதியாகப் படிக்கிறேன். தம்பியையும் அப்படி ஒருக்கா எழுத வைத்துப் பாருங்கோ.

---

வந்தவாசி_அக்கா | 21 ஜூன் 2025

யாழ்ப்பாணத்துத் தங்கை சொன்னதைச் செய்தோம். விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

கேள்வித்தாளை அவன் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தான். அவன் விடை குறித்த ஓஎம்ஆர் தாளின் நகலும் மின்னஞ்சலில் வந்திருந்தது. மூன்று நாளாகத் திறக்கவில்லை. நேற்று மாலை திண்ணையில் உட்கார்ந்து நான் இறுதி விடைக்குறிப்பைப் படிக்க அவன் டிக் அடித்தான். முதல் பத்து நிமிடம் கை நடுங்கியது. அப்புறம் சரியாகிவிட்டது. ஒரு சரிக்கு 4 மதிப்பெண், ஒரு தவறுக்கு 1 கழியும்.

உயிரியல் 90-ல் 72 சரி, 12 தவறு, 6 விட்டது: 276.
வேதியியல் 45-ல் 28 சரி, 8 தவறு, 9 விட்டது: 104.
இயற்பியல் 45-ல் 18 சரி, 11 தவறு, 16 விட்டது: 61.

மொத்தம் 31 தவறு. அவன் இதுநாள் வரை "நெகட்டிவ் மார்க்தான்கா என்னைக் கொன்னுடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்புறம் இயற்பியலில் விட்ட 16 கேள்வியையும் கடிகாரம் இல்லாமல் போடச் சொன்னேன். அதில் 11-ஐ தேர்வறையில் படித்தே பார்க்கவில்லையாம். நேரம் போதவில்லை என்று நினைத்திருந்தான். இரவு பதினொன்று வரை போட்டான். 5 சரியாக வந்தது. மீதி 11-ல் பேனா நகரவே இல்லை. அந்த 11-ம் சுழற்சி இயக்கம், அலைவுகள், வெப்ப இயக்கவியல் என்று அந்தப் பக்கமாகவே இருக்கிறது. சரியாக வந்த ஐந்தில் நான்கு மின்னோட்டமும் குறைக்கடத்தியும்.

---

இயற்பியல்_வாத்தியார் | 21 ஜூன் 2025

மிக நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். இதை வைத்துப் பேசலாம்.

நெகட்டிவ் மார்க் அவனைக் கொல்லவில்லை. 31 தவறுக்குக் குறைந்தது 31 மட்டும்தான். அவற்றைத் தொடாமல் விட்டிருந்தால் 472, அவ்வளவுதான். தெரியாத நாலு கேள்விக்குக் கண்ணை மூடிக் குறித்தாலும், சராசரியில் ஒன்று சரியாகி 4 ஏறும், மூன்று தவறாகி 3 இறங்கும். இரண்டு விடைகளைக் கழித்துவிட்டுக் குறிப்பவனுக்கு இன்னும் லாபம். ஆகவே "இந்த வருடம் தவறைக் குறைத்துவிடுவேன்" என்பது இன்னொரு வருடம் உட்காரப் போதிய காரணம் ஆகாது.

உயிரியலில் 276. இன்னொரு வருடம் படித்தால் பத்து, இருபது ஏறும். அதற்கு மேல் அங்கே எடுக்க ஒன்றும் இல்லை. போக வேண்டிய தூரம் முழுக்க இயற்பியலில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு வேகம் குறைவு. உங்கள் தம்பிக்கு அது அல்ல. கடிகாரத்தை எடுத்த பிறகும் 16-க்கு 5 என்றால் பாடமே ஏறவில்லை.

இப்போது ஒரு கேள்வி. பதினொன்றாம் வகுப்பில் அவன் எந்த குரூப்?

---

வந்தவாசி_அக்கா | 21 ஜூன் 2025

ப்யூர் சயின்ஸ் சார். தாவரவியல், விலங்கியல். கணக்கு இல்லை.

---

இயற்பியல்_வாத்தியார் | 22 ஜூன் 2025

நினைத்தேன். 2024-ல் ப்ளஸ் டூ என்றால் ஒன்பதாம் வகுப்பு கொரோனா வருடம். முக்கோணவியல் தொடங்கும் வகுப்பு அது, அதையே வீட்டில் படித்தவன். பத்தோடு கணக்கை நிறுத்திவிட்டான். கோச்சிங்கில் முதல் வாரமே பலகையில் வகையீடும் தொகையீடும் எழுதுவார்கள். அவன் சூத்திரத்தை மனப்பாடம் செய்திருப்பான். மின்னோட்டத்தில் மனப்பாடம் கொஞ்ச தூரம் கொண்டு போகும். சுழற்சி இயக்கத்தில் ஒரு விசையை இரண்டு கூறாகப் பிரிக்கத் தெரியாவிட்டால் படமே போட முடியாது. முப்பது வருடமாகப் பார்க்கிறேன். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து ப்யூர் சயின்ஸ் பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்படித்தான் "எனக்கு பிசிக்ஸ் வராது சார்" என்று வந்து நிற்பார்கள். அவர்களுக்கு வராதது கணக்கு.

இதற்காக அவனை மறுபடியும் அதே மாதிரி ஒரு விடுதியில் போட்டால் அதே பாடத்தை அதே வேகத்தில் மூன்றாவது முறை கேட்பான். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். மூன்று மாதம் கணக்கு. முக்கோணவியல், வெக்டர், அடுக்கு, மடக்கை, எளிய வகையீடு தொகையீடு, இவை போதும். கூடவே பதினொன்றாம் வகுப்பு இயக்கவியலை முதல் பக்கத்திலிருந்து. செப்டம்பர் கடைசியில் இதே 45 கேள்வியை விட்டுவிட்டு, 2023 தாளின் இயற்பியல் பகுதியைக் கொடுத்துப் பாருங்கள். நூறைத் தாண்டினால் எழுதட்டும். இதே அறுபதில் நின்றால் அவன் மேல் குற்றமில்லை, ஆனால் தொடர வேண்டாம்.

---

நெல்லைத்_தகப்பன் | 22 ஜூன் 2025

இந்த மாதிரி ஒருவர் அன்றைக்கு எங்களுக்குச் சொல்லியிருந்தால்! நாங்கள் மூன்று வருடமும் இடத்தை மாற்றினோம். நாமக்கல், சென்னை, அப்புறம் ஊரிலேயே. எந்தக் கேள்வியில் எதனால் போனது என்று ஒரு நாள்கூடத் தாளை விரித்து வைத்துப் பார்க்கவில்லை. வாத்தியார் சொன்ன அந்த செப்டம்பர் கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள் அம்மா. அப்பாவும்தான்.

---

பாளை_சித்தம் | 22 ஜூன் 2025

நடுவில் ஒன்று. இது எம்பிபிஎஸ் கிடைக்குமா என்ற பேச்சாகவே போகிறது. நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருடம். சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதிக்கும் நீட் மதிப்பெண்தான், ஆனால் கலந்தாய்வு தனி, சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவ ஆணையரகம் நடத்துவது. அதற்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதே தெரியாமல் எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள். நானும் இரண்டு முறை எழுதியவள். மூன்றாவது எழுதவில்லை. சேர்ந்த முதல் ஆறு மாதம் அழுகையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூலிகைத் தோட்டத்தில் ஒரு செடியைக் கிள்ளி முகர்ந்து பெயர் சொல்லப் பழகியபோதுதான் மனம் திரும்பியது.

நீட் வேண்டாத வழியும் இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி, பி.பார்ம் எல்லாம் இந்த 2025-ல் ப்ளஸ் டூ மதிப்பெண்ணில். கால்நடை மருத்துவமும் மாநில இடங்களுக்கு ப்ளஸ் டூதான். 561 வைத்துக்கொண்டு எதற்கும் விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள். தனியார் கல்லூரி எம்பிபிஎஸ் அரசு ஒதுக்கீட்டு இடம் வந்தால் மட்டும் நன்றாக யோசியுங்கள், வருடத்துக்கு நான்கு லட்சத்துக்கு மேல் வரும். எதில் சேர்ந்தாலும் பாதியில் விலகினால் தண்டத் தொகை என்ன என்று கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

---

வந்தவாசி_அக்கா | 22 ஜூன் 2025

தங்கச்சி, கால்நடைக்கு ஏற்கெனவே போட்டிருக்கிறான். கட்-ஆஃப் 191. விளிம்பில் நிற்கிறது என்கிறார்கள். சித்தாவுக்கும் போடச் சொல்கிறேன், மிக்க நன்றி.

---

ஆரணி_செவிலி | 23 ஜூன் 2025

அக்கா, தம்பி இப்போது எப்படி இருக்கிறான்? சாப்பிடுகிறானா, தூங்குகிறானா? பக்கத்து அறையிலிருந்து வாட்ஸ்அப் அனுப்பினான் என்று நீங்கள் எழுதியதிலிருந்து அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. 104-க்கு அழைத்தால் நீட் எழுதிய பிள்ளைகளோடு பேசவே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 14416 என்றும் ஒரு எண் உண்டு, மத்திய அரசின் டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள். அவன் கேட்காவிட்டாலும் எண்ணை எழுதி அவன் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். அப்பாவிடம் தரவரிசை விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா?

---

வந்தவாசி_அக்கா | 29 ஜூன் 2025

எல்லோருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது.

அப்பாவிடம் புதன்கிழமை சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்துத் தெரு பையன் ஒருவனின் இரண்டு வருட அட்டையையும் வாங்கி வந்து காட்டினேன். அவனுக்கும் மதிப்பெண் எண்பது குறைந்து தரவரிசை ஏறியிருந்தது. அதைப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். சாயங்காலம் தம்பி அறை வாசலில் நின்று, "டேய், கடைக்குப் போறேன், வர்றியா" என்று கேட்டார். இருவரும் நடந்தே போய்விட்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இரவு தம்பி மூன்று தோசை சாப்பிட்டான். செவிலி அக்கா, இரண்டு எண்ணையும் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

முடிவு இது. கால்நடை மருத்துவத்தில் இடம் வந்தால் சேர்ந்துவிடுவான், நீட் அத்தோடு சரி. இதை அவனே சொன்னான், எங்கள் வீட்டில் இரண்டு மாடு உண்டு, சின்ன வயதிலிருந்து அவன்தான் பார்ப்பான். அது வராவிட்டால் வீட்டிலிருந்தே படிப்பான். கோச்சிங் கிடையாது, மாதிரித் தேர்வுகளுக்கு மட்டும் பணம் கட்டுவோம். செப்டம்பர் கடைசி ஞாயிறு 2023 இயற்பியல் தாள். நூறு வராவிட்டால் நீட்டை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த ஜூனில் நர்சிங்குக்கோ பிசியோதெரபிக்கோ போடுவது என்று மூவரும் ஒத்துக்கொண்டோம். நெல்லை ஐயா சொன்னபடி எழுதி வைத்திருக்கிறோம். அப்பா தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கால்நடை முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று கணக்கை மட்டும் நாளையிலிருந்து தொடங்குகிறான். எதிர்வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறாள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். வாத்தியார் ஐயா, வெக்டருக்கு முன்னால் முக்கோணவியல் என்று அவரும் அதையேதான் சொன்னார். செப்டம்பரில் வந்து எழுதுகிறேன்.